ஒரு விசேஷணச் சொல்லும் அகராதித் தொழிலும்

ஆங்கிலேயர் நாள்தோறும் வாய் ஓயாமல் வழங்கும் 'நைஸ்' என்ற சிறு விசேஷணச் சொல், இன்று தேநீருக்கும் பொருந்துகிறது. வானிலைக்கும், அண்டை வீட்டாரின் சுபாவத்துக்கும், குழந்தையின் சட்டைக்கும் பொருந்துகிறது. இனியது, நல்லது, மனத்துக்கு உகந்தது என்பதற்கு மேல் அச்சொல்லிடம் யாரும் எதையும் எதிர்பார்ப்பதில்லை. ஆயினும் பதினான்காம் நூற்றாண்டில், சாஸர் கவிதை எழுதிய காலத்து இங்கிலாந்தில், ஒருவனை அச்சொல்லால் சுட்டியிருந்தால், அவனை மூடன் என்று ஏசியதாகவே கேட்டவர்கள் கொண்டிருப்பார்கள். 'அறியாதவன்' எனப் பொருள்படும் 'நெஸ்கியுஸ்' என்ற லத்தீன் சொல், பழைய பிரெஞ்சு பாஷையின் வழியாக 1300ஆம் ஆண்டை ஒட்டி ஆங்கிலத்தில் புகுந்தபோது மடமையையே தன் முதற்பொருளாகக் கொண்டுவந்தது. பின்னர் அது ஒழுக்கத் தளர்ச்சியைக் குறித்தது. ஆடை ஆடம்பரத்தைக் குறித்தது. நாணி ஒதுங்கும் இயல்பையும், எளிதில் எதிலும் திருப்தியடையாத ருசியையும், மயிரிழை பிளக்கும் நுட்பத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகவும் சில வேளை ஒருங்கேயும் குறித்து, பதினெட்டாம் நூற்றாண்டில்தான் இனிமை என்னும் இக்காலப் பொருளை அடைந்தது. பழைய பொருள்களுள் நுட்பம் என்பது மட்டும் நியாயவாதிகளும் பண்டிதர்களும் பேசும் 'நுண்ணிய வேறுபாடு' என்ற தொடரில் இன்றும் உயிரோடிருக்கிறது. இதற்கு நேர் எதிரான கதியை அடைந்தது 'ஸில்லி' என்ற விசேஷணம். பேறு பெற்றது, புனிதமானது என்று தொடங்கிய அச்சொல், களங்கமற்றது என்றும், இரங்கத்தக்கது என்றும் படிப்படியாகத் தாழ்ந்து, முடிவில் மூடத்தனத்தைச் சுட்டலாயிற்று. ஒன்று மடமையிலிருந்து புறப்பட்டு நன்மையைச் சேர, மற்றொன்று நன்மையிலிருந்து புறப்பட்டு மடமையைச் சேர்ந்தது.

இன்ன பொருள் இன்ன நூற்றாண்டில் தோன்றியது, இன்ன நூற்றாண்டில் மங்கியது என்று இவ்வளவு திட்டமாக இன்று சொல்ல முடிவதற்குக் காரணம், முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக இங்கிலாந்தில் உருவாகி முதிர்ந்த அகராதித் தொழில்தான். அத்தொழிலின் பழைய கதையைக் கூர்ந்து நோக்குவோர்க்கு ஒரு விஷயம் வியப்பூட்டும்: எல்லாருடைய நாவிலும் புரளும் எளிய சொல்லே அதில் கடைசியாகக் கவனம் பெற்றது.

ஆங்கிலத்துக்கே உரிய முதல் அகராதி என்று மதிக்கப்படுவது, 1604இல் ராபர்ட் காட்ரி என்பவர் வெளியிட்ட சிறு நூல். பள்ளியாசிரியராகவும் பாதிரியாராகவும் இருந்த அவர், எபிரேயம், கிரேக்கம், லத்தீன், பிரெஞ்சு ஆகிய பாஷைகளிலிருந்து வந்து கலந்த கடினச் சொற்களில் ஏறத்தாழ 2,500ஐ மட்டும் திரட்டி, லத்தீன் கல்வி வாய்க்காத சீமாட்டிகளும் பிறரும் பயன்கொள்ளும் பொருட்டு வெளியிட்டார். தெரிந்த சொல்லுக்குப் பொருள் எழுதுவது வீண்வேலை என்ற எண்ணம், அவருக்கும் அவருக்குப் பின் ஒரு நூற்றாண்டுக் காலம் வந்தவர்களுக்கும் இருந்தது. 1702இல் ஜான் கெர்ஸி என்பவர் தொகுத்ததாகக் கருதப்படும் அகராதியில்தான் சாதாரண சொற்களுக்கும் இடம் கிடைத்தது. அங்கும் அவற்றுக்குக் கிடைத்தது இடம் மட்டுமே. விளக்கம் பெரும்பாலும் ஒரு வரியைத் தாண்டவில்லை.

எளிய சொற்களுள்தான் பொருள்கள் பல்கி நெருங்கிக் கிடக்கின்றன என்பதைத் தன் உடல் நோக உணர்ந்த முதல் அகராதிக்காரர் டாக்டர் சாமுவேல் ஜான்சன் என்று சொல்லலாம். லண்டன் புத்தக வியாபாரிகளோடு 1746இல் 1,500 கினிக்கு ஒப்பந்தம் செய்துகொண்டு, கஃப் சதுக்கத்து வீட்டின் மாடியறையில் ஆறு எழுத்தர்களை வைத்துக்கொண்டு அவர் அவ்வேலையை நடத்தினார். நூல்களை வாசித்துக்கொண்டே போய், மேற்கோளுக்குத் தக்க சொல்லைக் கரிய பென்சிலால் அடிக்கோடிட்டு, அதன் முதலெழுத்தைப் பக்க ஓரத்தில் குறித்து வைப்பார். எழுத்தர்கள் அவ்வாக்கியங்களைப் பிரதி செய்து அகர வரிசையில் சேர்ப்பார்கள். இரவல் கொடுத்த நண்பர்களின் புத்தகங்கள் உருக்குலைந்து திரும்பின என்பதும் அக்காலத்தவர் பதிந்து வைத்த செய்தி. மூன்றே ஆண்டில் முடிப்பதாக எண்ணித் தொடங்கிய அந்த அகராதி 1755 ஏப்ரலில் இரு பெரும் தொகுதிகளாக வெளிவந்தபோது, அதில் 42,773 சொற்களும் லக்ஷத்துக்கு மேற்பட்ட மேற்கோள்களும் இருந்தன. 'எடுத்தல்' என்று நாம் சொல்லும் செயலுக்குரிய ஆங்கில வினைச்சொல் ஒன்றுக்கு மட்டும் அவர் 134 பொருள்களை வகுத்துக் காட்டினார். காட்ரியின் நூலுக்கும் இதற்கும் உள்ள தூரம் ஒன்றரை நூற்றாண்டு அன்று, இரு வேறு உலகங்களுக்கு இடையேயுள்ள தூரம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் ஜான்சன் தமக்கென ஓர் எல்லையை விதித்துக்கொண்டார். ஆங்கில நடையின் தூய்மை ஸர் பிலிப் ஸிட்னியின் காலத்தில் தொடங்குகிறது என்று அவர் கருதியதால், பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு முற்பட்ட நூல்களிலிருந்து மேற்கோள் எடுப்பதை அவர் பெரும்பாலும் தவிர்த்தார். 'நைஸ்' என்ற சொல்லுக்கு அவர் முதலில் வைத்த பொருள், அளவுகடந்த நுட்பத்தோடு ஆராயும் இயல்பு என்பது. மடமை என்னும் பிறவிப் பொருளோ அவர் வகுத்த எல்லைக்கு அப்பால் கிடந்தது. இதன் விளைவை ஜேன் ஆஸ்டனின் நாவல் ஒன்றில் கண்கூடாகக் காணலாம். 1817ஆம் ஆண்டின் முடிவில் வெளிவந்த 'நார்த்தாங்கர் அபே' என்ற நாவலின் நாயகன் ஹென்றி டில்னி, கதாநாயகி எதற்கெடுத்தாலும் இவ்விசேஷணத்தையே பயன்படுத்துவதைப் பரிகசிக்கிறான். ஜான்சனின் பெயரும் அந்த உரையாடலில் அடிபடுகிறது. ஆடையிலும் உணர்ச்சியிலும் உள்ள நேர்த்தியையும் நாசூக்கையும் குறிக்கவே ஆதியில் அச்சொல் ஏற்பட்டிருக்கலாம் என்றும், இப்போது எல்லாவற்றின் மீதும் அது சுமத்தப்படுகிறது என்றும் அவன் குறைப்படுகிறான். வழக்கின் சீர்கேட்டைத் திருத்த வந்த அந்தக் கெட்டிக்காரனுக்கே ஆதிப்பொருள் தெரியவில்லை. அவன் பரிந்து பேசிய நேர்த்தி என்ற பொருளும், பழைய மடமையை உதறிவிட்டு வழக்கினால் வந்து ஏறியதுதான். நாவலாசிரியையையோ பாத்திரத்தையோ இதற்காகக் குறை சொல்வதற்கில்லை; அக்காலத்தில் அதனை அறிவதற்குச் சாதனம் எதுவும் எளிதில் கைக்கு எட்டவில்லை.

அச்சாதனத்தை உண்டாக்கும் முயற்சி 1857 நவம்பரில் தொடங்கியது. வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தின் தலைவராக இருந்த ரிச்சர்டு செனவிக்ஸ் டிரெஞ்ச், லண்டன் பாஷா நூற் சங்கத்தில் இரண்டு உபந்நியாசங்கள் நிகழ்த்தி, அன்றிருந்த ஆங்கில அகராதிகளின் குறைகளை எடுத்துக்காட்டினார். அகராதி செய்பவன் சொற்களுக்கு நீதிபதி அல்லன், சரித்திரக்காரன் என்பதே அவர் வாதத்தின் சாரம். நல்ல சொல், தீய சொல் என்று தேர்ந்தெடுப்பது அவன் வேலையன்று. ஒவ்வொரு சொல்லும் எப்போது பிறந்தது, எவ்வெப்பொருளில் வழங்கியது, எப்போது வழக்கொழிந்தது என்பதைச் சான்றோடு பதிவதே அவன் வேலை. இக்கொள்கையை ஏற்ற சங்கம், கவி கோல்ரிட்ஜின் பேரனான ஹெர்பர்ட் கோல்ரிட்ஜைப் பதிப்பாசிரியராக்கியது. அவர் முப்பதே வயதில், 1861இல் க்ஷயரோகத்தால் மறைந்தார். அடுத்து வந்த பிரடெரிக் பர்னிவால் ஒழுங்குக்குப் பேர் போனவர் அல்லர். ஆயினும் அவர் செய்த ஒரு காரியத்துக்காக அவருடைய குழப்பங்கள் யாவற்றையும் மன்னித்துவிடலாம். பழைய ஆங்கில நூல்கள் ஏட்டுப் பிரதிகளாகவே கிடந்தால் மேற்கோள் எடுப்பது எப்படி என்று எண்ணி, அவற்றை அச்சிடுவதற்கென்றே 1864இல் ஒரு சங்கத்தையும், சாஸருக்கென்றே 1868இல் மற்றொரு சங்கத்தையும் அவர் நிறுவினார். ஜான்சன் தாண்ட விரும்பாத எல்லைக்கு அப்பாலிருந்த நூற்றாண்டுகள் இவ்வாறே பொது வாசகர் கைக்கு வந்தன. 'நைஸ்' என்பதன் பழைய இழிபொருளும் அவற்றோடு வெளிப்பட்டது.

1879இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகத்தோடு ஒப்பந்தம் ஏற்பட்டு, ஜேம்ஸ் மரே பொறுப்பேற்றார். ஸ்காட்லாந்தில் ஒரு தையற்காரரின் மகனாகப் பிறந்து, பதினான்கு வயதோடு பள்ளிப் படிப்பை முடித்துக்கொண்டு, பிறகு தாமே பாஷைகளைக் கற்று ஆசிரியரானவர் அவர். தம் வீட்டுத் தோட்டத்தில் நெளிதகட்டு இரும்பினால் ஒரு கொட்டகை அமைத்து, அதற்கு எழுத்தர் கூடம் என்று பொருள்படும் லத்தீன் பெயரையும் இட்டார். பர்னிவாலிடமிருந்து வந்த சீட்டு மூட்டைகள் இரண்டு டன் அளவுக்கு இருந்தன. ஒன்றில் செத்த எலி கிடந்தது, மற்றொன்றில் சுண்டெலி ஒன்று குட்டிகளோடு குடியிருந்தது. ஓர் எழுத்துக்குரிய சீட்டுகள் முழுவதும் இத்தாலியில் பிளாரன்ஸ் நகரில் இருப்பது பின்னர்த் தெரிந்தது. 1885இல் ஆக்ஸ்போர்டுக்குக் குடிபெயர்ந்த பின்னும் அவ்வேலை இரும்புக் கொட்டகையிலேதான் நடந்தது. அண்டை வீட்டாரின் பார்வையை மறைக்கிறது என்ற ஆட்சேபத்தால் புதிய கொட்டகையைத் தரையில் சில அடி தோண்டி இறக்க வேண்டியிருந்தது. குளிர்காலத்தில் ஈரமும் குளிர்காற்றும் தாங்காமல், மரே தடித்த மேலங்கியோடு, காலை ஒரு பெட்டிக்குள் வைத்துக்கொண்டு எழுதுவாராம். அவருடைய பதினொரு குழந்தைகளும், எழுத்துக் கூட்டத் தெரிந்தவுடனே, கைக்காசுக்காகச் சீட்டுகளை அகர வரிசையில் அடுக்கும் வேலையில் அமர்ந்தார்கள்.

சீட்டு என்பது தபால் தாளில் பாதியளவுள்ள காகிதத் துண்டு. அதன் இடது மூலையில் சொல். கீழே ஆண்டு, ஆசிரியர் பெயர், நூலின் பெயர், பக்கம். அதன் கீழ், அச்சொல் பயின்ற வாக்கியம் முழுமையாக. ஆங்கிலம் படிக்கும் உலகத்தார் அனைவரையும் நோக்கி 1879இல் மரே அச்சிட்டு அனுப்பிய வேண்டுகோளில், ஆயிரம் வாசகர்கள் முன்வர வேண்டுமென்று கேட்டிருந்தார். பாதிரிமார், பள்ளியாசிரியர், வீட்டில் இருந்த பெண்கள், ஓய்வுபெற்ற உத்தியோகஸ்தர் எனப் பலதிறத்தாரும், ஊதியம் எதுவுமின்றி, தங்களிடமிருந்த நூல்களைப் படித்துச் சீட்டெழுதி அனுப்பினார்கள். ஆனால் வந்து சேர்ந்த சீட்டுகளைப் பிரித்துப் பார்த்தபோது, காட்ரி காலத்துப் பழைய மனப்பான்மை வேறு வடிவில் தலைகாட்டியது. வாசிப்பவர் கண்ணில் படுவது அபூர்வமான சொல். பழகிய சொல்லைப் பார்வை தாண்டிப் போய்விடுகிறது. 'அப்யூஷன்' என்ற வழக்கிறந்த சொல்லுக்கு ஐம்பது சீட்டுகள் வரை இருந்தன. யாவரும் அறிந்த 'அப்யூஸ்' என்ற சொல்லுக்கோ ஐந்துகூட இல்லை. அந்நிலையில் மரேயும் உதவியாளர்களும் சாதாரண சொற்களுக்காகத் தாமே மீண்டும் நூல்களைத் தேடிப் புரட்ட வேண்டியதாயிற்று. அத்தேட்டத்தில் கழிந்த மணிநேரங்கள் கணக்கில்லை.

பல பொருள் கொண்ட எளிய சொல் ஒன்று மேசைக்கு வரும்போது நடந்த வேலை இது. முதலில் அச்சொல்லுக்குரிய சீட்டுகளை ஆண்டு வரிசையில் அடுக்குவார்கள். பின்னர் ஒவ்வொரு வாக்கியத்தையும் படித்து, அதில் சொல் நிற்கும் நிலையை நோக்கி, இருபது முப்பது குவியல்களாகப் பிரித்து, ஒவ்வொரு குவியலின் மேலும் தற்காலிகமாக ஒரு விளக்கத்தை எழுதி வைப்பார்கள். அப்பால் அக்குவியல்களை மேசையிலோ தரையிலோ பரப்பி, எப்பொருளிலிருந்து எப்பொருள் கிளைத்தது என்று காண, சதுரங்கக் காய்களைப் போல அவற்றை மணிக்கணக்காக இடம் மாற்றி மாற்றி வைக்க நேரும் என்று மரேயே ஓர் உபந்நியாசத்தில் சொல்லியிருக்கிறார். அறிவினால் நியாயமாகத் தோன்றும் வரிசை ஒன்றாகவும், சீட்டுகளில் உள்ள ஆண்டுகள் காட்டும் வரிசை வேறொன்றாகவும் இருப்பது உண்டு. இடைப்பட்ட பொருளுக்குச் சீட்டே கிடைக்காமல் சங்கிலி அறுந்து கிடப்பதும் உண்டு. அத்தகைய வேளையில் ஊகத்தால் இட்டு நிரப்பாமல், கிடைத்த சான்றுக்குக் கட்டுப்பட்டு நின்றதே இவ்வகராதியின் பெருமை.

'நைஸ்' என்ற சொல் இடம்பெறும் எழுத்து, மரே முதலாக எண்ணினால் மூன்றாம் பதிப்பாசிரியரான வில்லியம் கிரெய்கியின் பங்குக்கு வந்தது. டண்டி நகரில் பிறந்த அவர், வட ஐரோப்பியப் பாஷைகளில் ஆழ்ந்த புலமை உடையவர். இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் வெளிவந்த அப்பகுதியில், இச்சொல்லுக்குப் பத்துக்கு மேற்பட்ட பொருள்கள் மேற்கோள்களோடு வகுக்கப்பட்டன. அதைக் காட்டிலும் மதிப்புள்ளதாக நான் கருதுவது அங்கே காணப்படும் ஒரு குறிப்பு. பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளின் மேற்கோள்கள் பலவற்றில், எழுதியவர் எந்தப் பொருளைக் கருதினார் என்று நிச்சயிப்பது கடினம் என அகராதியே ஒப்புக்கொள்கிறது. ஒரு சொல் பழைய பொருளை விட்டுப் புதிய பொருளுக்குச் செல்லும் காலத்தில், பேசுவோர் மனத்திலும் கேட்போர் மனத்திலும் இரண்டும் கலந்தே கிடக்கும். எளிதில் திருப்தியடையாதவன் என்று ஒருவனைப் பழித்தால், ருசி நுட்பமுடையவன் என்று அவனைப் புகழ்ந்ததாகவும் அது ஆகலாம். பழிப்பு புகழ்ச்சியாக மாறியதும், புகழ்ச்சி பின்னர் வெறும் இனிமையாகத் தேய்ந்ததும் இப்படிப்பட்ட இரட்டுற மொழிந்த இடங்களின் வழியாகவே நடந்திருக்க வேண்டும். அந்த மயக்கத்தை மறைக்காமல் பதிந்து வைத்த நேர்மை, பெரும் பாண்டித்தியத்தினும் அரிது.

சீட்டெழுதியவர்களுள் இருவரைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. அமெரிக்கப் படையில் ரணவைத்தியராக இருந்து, சித்தப் பிரமையால் லண்டனில் ஒரு மனிதனைச் சுட்டுக் கொன்று, பிராட்மூர் காப்பகத்தில் அடைபட்டுக் கிடந்த டாக்டர் மைனர் ஒருவர். அவருடைய கதையைப் பலர் எழுதிவிட்டார்கள். மற்றவர் பிட்ஸ்எட்வர்டு ஹால். அமெரிக்கரான அவர் இந்தியாவுக்கு வந்து, காசியில் ஸர்க்கார் ஸம்ஸ்கிருதக் கலாசாலையில் ஆசிரியராயிருந்து, ஸாங்கிய சாஸ்திர நூல்களைப் பதிப்பித்தவர். பின்னர் இங்கிலாந்தில் பண்டிதர்களோடு ஏற்பட்ட மனஸ்தாபத்தால் ஸஃபக் மாவட்டத்துக் கிராமமொன்றில் ஒதுங்கி வாழ்ந்த அவர், இருபது ஆண்டுக் காலம் நாள்தோறும் பல மணிநேரம் அகராதியின் அச்சுப் படிகளைத் திருத்தி, தம் நூலகத்திலிருந்து மேற்கோள்களைச் சேர்த்து அனுப்பிவந்தார். 1901இல் அவர் இறக்கும் வரை மரேயும் அவரும் ஒருவரையொருவர் நேரில் கண்டதேயில்லை. பாணினியின் தேசத்தில் சொல்லாராய்ச்சியில் ஊறிய மனிதர் ஒருவருடைய உழைப்பு ஆங்கிலச் சொற்களின் வரலாற்றில் இவ்வளவு கலந்திருக்கிறது என்பது நம் நாட்டில் பலர் அறியாதது.

பத்தாண்டில் முடியும், நான்கு தொகுதிகளில் அடங்கும் என்று திட்டமிட்ட நூலின் முதற் பகுதி வெளிவரவே 1884ஆம் ஆண்டாயிற்று. அப்பகுதியும் முதலெழுத்தின் நடுவிலேயே, எறும்பைக் குறிக்கும் சொல்லோடு நின்றது. செலவைக் கண்டு அஞ்சிய அச்சகத்தார் சுருக்கச் சொல்லி நெருக்கினார்கள், மரே இணங்கவில்லை. 1915 ஜூலையில் அவர் காலமானார். 1923இல் இரண்டாம் பதிப்பாசிரியரான ஹென்றி பிராட்லியும் மறைந்தார். கிரெய்கியும் ஆனியன்ஸ் என்பவரும் எஞ்சியிருந்து 1928 ஏப்ரலில் நூலை நிறைவேற்றியபோது, அதில் 15,490 பக்கங்களும், 4,14,825 தலைச்சொற்களும், 18,27,306 மேற்கோள்களும் இருந்தன. பிரதம மந்திரி பால்டுவின் பேச, லண்டனில் பெரிய விருந்து நடந்தது. பல்லாயிரம் சீட்டுகளை எழுதியும் அடுக்கியும் அச்சுப் படிகளைத் திருத்தியும் வாழ்நாளைக் கழித்த பெண்களை அந்த விருந்துப் பந்தியில் அமர்த்தவில்லை. அதனை எண்ணும்போது மனம் கசக்கிறது.

நம் பாஷையில் ஒருசொல் பலபொருள் என்னும் இயல்பைக் கண்டு தொகுத்த மரபு மிகப் பழையது. தொல்காப்பியத்தின் உரியியல், 'கடி' என்ற ஒரே உரிச்சொல்லுக்குக் காப்பு, கூர்மை, புதுமை, விரைவு, மிகுதி, அச்சம் முதலாகப் பல பொருள்களைச் சொல்கிறது. திவாகரமும் பிங்கலந்தையும் இதற்கெனத் தனித் தொகுதியே வகுத்தன. 1732இல் வீரமாமுனிவரின் சதுரகராதி சொற்களை அகர வரிசைப்படுத்தியது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்ஸிகன், சாண்ட்லர் என்ற அமெரிக்கப் பாதிரியார் 1913இல் தொடங்கி வைக்க, 1926 முதல் வையாபுரிப் பிள்ளை பதிப்பாசிரியராயிருந்து 1936இல் ஆறு தொகுதிகளாக முற்றுப்பெற்றது. 1939இல் அனுபந்தமும் வந்தது. பொருள்களை வகுத்து நூல் மேற்கோளும் காட்டும் அப்பெருநூல், பொருள்களைக் கால வரிசையில் வைத்து ஆண்டு குறிப்பதை மேற்கொள்ளவில்லை. தமிழ் நூல்களின் காலமே தீராத வழக்காயிருக்கும்போது அதனை எதிர்பார்ப்பதும் நியாயமன்று.

ஆனால் சமீப காலத்துச் சொற்களுக்கு இத்தடை இல்லை. இதே 'நைஸ்' நம் ஊர்களிலும் வந்து குடியேறியிருக்கிறது. தோசைக்கு மாவு நைஸாக அரைபட்டதா என்று வீட்டில் கேட்கிறார்கள். ஜவுளிக் கடையில் நைஸ் துணி என்றால் மெல்லிய நூலால் நெய்தது. கூட்டத்திலிருந்து ஒருவன் நைஸாக நழுவுகிறான். மற்றொருவன் மேலதிகாரியை நைஸ் பண்ணிக் காரியம் முடித்துக்கொள்கிறான். இங்கிலாந்தில் இன்று பெருவழக்காயுள்ள இனிமைப் பொருளைக் காட்டிலும், மென்மை, நுண்மை என்ற அந்நாட்டுப் பழம்பொருளுக்கே நம் வழக்கு நெருங்கியிருக்கிறது. மாவுக்கும் துணிக்கும் அச்சொல்லை வழங்கியவர்கள் அப்பழம்பொருளைக் கேட்டுத்தான் எடுத்துக்கொண்டார்களா, அல்லது நைய அரைத்தல், நைந்த துணி என்று நம்மிடம் முன்பே இருந்த 'நை' என்னும் தமிழ் வினையின் ஒலியும் பொருளும் அந்நியச் சொல்லைத் தம்பால் இழுத்துக்கொண்டனவா? பின்னதற்கே இடமிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது, இது அனுமானமே. பழைய ஜவுளிக் கடைக் கணக்குகளிலும், சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சான சமையல் நூல்களிலும், அக்காலத்து நாவல்களிலும், பத்திரிகை விளம்பரங்களிலும் இச்சொல் வரும் வாக்கியங்களை ஆண்டோடு சீட்டெழுதிச் சேர்க்க முன்வருவோர் இருந்தால், இந்த ஒரு சொல்லின் வழக்கையேனும் நம் காலத்திலேயே தீர்த்துவிட முடியும்.